200 டிகிரி விசாரணை

பவுடர் கோட்டிங் என்பது உலோகச் சாமான்மேல் வண்ணத்தூளை ஒட்டவைத்து ஓவனில் வேகவைத்துப் பூச்சாக்கும் வேலை. அதை வீட்டிலேயே செய்கிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது தூள் தெளிக்கும் கன்னைப் பற்றித்தான். எத்தனை கிலோவோல்ட், எங்கே வாங்கினாய், ஆன்லைனில் வருவது தேறுமா. ஓவனைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கன் என்பது தூளை இரும்பின்மேல் கொண்டுபோய் உட்காரவைக்கும் கருவி, அவ்வளவுதான். அந்த நிலையில் விரல் பட்டாலே தூள் உதிர்ந்துவிடும். அது பூச்சாக மாறுவது ஓவனுக்குள். நாம் உள்ளே வைத்த பொருளில் என்னென்ன ஒளிந்திருந்தது என்று தெரியவருவதும் அங்கேதான்.

இந்தத் தொழில் பிறந்த வரிசையும் அப்படித்தான் இருக்கிறது. 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர், அடியிலிருந்து காற்று ஊதித் தளர்த்திய பிளாஸ்டிக் தூள் தொட்டிக்குள் சூடாக்கிய உலோகத்தை முக்கி எடுத்தார். சூட்டில் தூள் உருகி ஒட்டிக்கொண்டது. மின்னேற்றித் தெளிக்கும் கன் அதற்குப் பின்னால், 1960களில் வந்து சேர்ந்தது.

எனக்கு வாய்த்தது கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பகலில் பம்ப் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். பிரேக் பெடல், சைடு ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் போன்ற சாமான்களுக்குச் சாதாரண பெயின்ட் அடித்தால் ஷூ பட்டுப் பட்டு ஒரு வருடத்துக்குள் பெயர்ந்துவிடும். கல்லடியும் காலடியும் வாங்கும் இடத்துக்குப் பவுடர்தான் சரி. ஸ்ப்ரே பெயின்ட்போல தின்னர் வாடை வீடு முழுக்கப் பரவாது என்பது வீட்டில் அனுமதி வாங்க உதவியது.

முதலில் தூள் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ரெசின், அதைக் கெட்டியாக்கும் க்யூரிங் ஏஜென்ட், நிறமி, நிரப்பி எல்லாவற்றையும் சேர்த்து உருக்கிக் குளிரவைத்து அரைத்தது அது. ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும். ஓவனுக்குள் போனதும் அடுத்தடுத்து மூன்று காரியங்கள் நடக்கின்றன. தூள் உருகுகிறது. உருகியது வழிந்து பரவிச் சமமாகிறது. பிறகு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. முதல் இரண்டும் திரும்பக்கூடியவை, மூன்றாவது திரும்பாது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது, அந்தக் கதைதான். அதன்பிறகு எத்தனை சூடு கொடுத்தாலும் உருகாது, கருகத்தான் செய்யும்.

வீட்டில் செய்கிறவர்களை ஏமாற்றுவது இந்த மூன்றாவது படி. பளபளப்பும் நிறமும் இரண்டாம் படியிலேயே வந்துவிடும். பார்க்க அருமையாக இருக்கும். உள்ளே பிணைப்பு பாதிதான் நடந்திருக்கும். பெட்ரோல் ஒரு சொட்டு பட்டாலோ ஸ்பேனர் ஒருமுறை நழுவினாலோ வண்டவாளம் வெளியே வரும். டப்பாவில் 200 டிகிரி, 10 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். 180 டிகிரியில் 15 நிமிடம் என்றும் சில தூள்களுக்கு இருக்கும். அந்த டிகிரி உலோகத்தின் சூடு, ஓவன் காற்றின் சூடு கிடையாது. ஓவன் குமிழை 200-ல் திருப்பிவைத்துவிட்டு டைமரில் பத்து நிமிடம் போடுவது என்பது, மெல்லிய தகட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் பொருந்தலாம். தடித்த சைடு ஸ்டாண்டு அந்தப் பத்து நிமிடத்தில் 130-ஐத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

அதனால் கன்னுக்கு முன்பே வாங்கவேண்டியது, பொருளைத் தொட்டுச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள். கே டைப் கம்பியும் அதைப் படிக்கும் மீட்டரும் போதும். பொருளின் தடித்த பாகத்தில், வெளியே தெரியாத ஒரு துளையில் முனையைச் செருகி, மீட்டர் 200 காட்டியபிறகு நிமிடத்தை எண்ணத் தொடங்கவேண்டும். துப்பாக்கிபோல நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தூள் பூசிய பரப்பில் ஓரளவு சரியாகச் சொல்லும் என்றாலும், அதற்காகக் கதவைத் திறக்கிறபோது சேர்த்துவைத்த சூடெல்லாம் போய்விடுகிறது.

என்னுடைய ஓவன் கேக் செய்கிற சாதாரண ஓ.டி.ஜி.தான். 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர், ஆகவே பவர் பிளக்கில்தான் மாட்டவேண்டும். மொபைல் சார்ஜர் மாட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிவிட்டு ஒயர் உருகுகிறதே என்று கேட்கக்கூடாது. இதன் ஹீட்டர் கம்பிகள் பொருளுக்கு மிக அருகில் இருக்கும். கம்பியைப் பார்க்கும் பக்கம் மஞ்சளாகிவிடும், மறுபக்கம் வேகாது. நடுவில் ஒரு தகடு வைத்து நேரடி அனலைத் தடுத்தால் சூடு கொஞ்சம் சமமாகும். வெள்ளை நிறம் பூசும்போது இந்தத் தகடு இல்லாமல் முடியவே முடியாது. ஒரு முறை பவுடர் வேகவைத்த ஓ.டி.ஜி.யில் அதன்பிறகு சாப்பாடு எதுவும் வைக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். "நல்லாக் கழுவிட்டா ஆகாதா?" என்று அம்மா கேட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஆகாது.

இனி அந்த விசாரணை.

பழைய வண்டிச் சாமான் என்பது பல கைகள் பட்டு வந்த சாமான். எந்த மெக்கானிக் எங்கே புட்டி வைத்தார், யார் எதை வைத்துப் பற்றவைத்தார் என்று நமக்குத் தெரியாது. பெயின்ட் அடிக்கிறவரை அந்த ரகசியங்கள் பத்திரமாக இருக்கும். 200 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதலில் வாயைத் திறப்பது வார்ப்பு. இன்ஜின் கவர் போன்ற அலுமினிய வார்ப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. இருபது முப்பது வருட எண்ணெய் அதற்குள் ஊறியிருக்கும். டீசலில் கழுவினாலும் சோப்பில் கழுவினாலும் மேலே இருப்பதுதான் போகும். தூள் பூசி ஓவனில் வைத்ததும் உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் விரிந்து, உருகிக்கொண்டிருக்கும் பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். குண்டூசி முனை அளவு துளைகளும் கொப்புளங்களுமாக நிற்கும். இதற்கு வழி, தூள் பூசாமலேயே ஒருமுறை வேகவைப்பது. பூச்சுக்குக் கொடுக்கப்போகும் சூட்டைவிட 20 டிகிரி கூடுதலாக வைத்து, புகை நிற்கும்வரை விடவேண்டும். வெளியே எடுத்தால் வெள்ளையாக இருந்த கவரில் பழுப்புத் திட்டுகள் இருக்கும், அவ்வளவும் எண்ணெய். துடைத்துவிட்டு இன்னொரு தடவை. இந்த வேலையை வீட்டுக்குள் செய்தால் குடும்பத்தில் சமாதானம் நிலைக்காது. கொட்டகைக்கு வெளியே வாசலில் வைத்துத்தான் நான் செய்கிறேன்.

அடுத்தது புட்டி. ஒடுங்கிய தகட்டைச் சமப்படுத்த டிங்கரிங் கடையில் வைக்கும் சாதாரண பாலியெஸ்டர் புட்டி இந்தச் சூட்டைத் தாங்காது. வெடிக்கும், உப்பும், சில சமயம் பூச்சோடு சேர்ந்து அப்படியே கழன்று வரும். அது மின்சாரம் கடத்தாது என்பதால் தூளும் அதன்மேல் ஒழுங்காக உட்காராது. பள்ளம் இருந்தால் தகட்டைத் தட்டி நிமிர்த்தவேண்டும், இல்லாவிட்டால் சூடு தாங்கும் உலோகத்தூள் கலந்த எபாக்ஸி வைக்கவேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட ஆபத்தானது பெட்ரோல் டேங்க். கோவையிலேயே கணபதி என்ற பகுதியில் கூலிக்குப் பவுடர் கோட்டிங் செய்துகொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் பெரிய சாமான்களை அவரிடம்தான் கொடுப்பது. முதல்முறை போனபோதே சொல்லிவிட்டார்.

"தம்பி, எதை வேணும்னாலும் கொண்டாங்க, ஓட்டை அடச்ச டேங்க் மட்டும் வேண்டாங்க. உள்ள எவன் எதை வெச்சு அடச்சிருக்கான்னு ஓவனுக்குத்தான் தெரியும்."

"பார்த்தா நல்லாத்தானுங்கண்ணா இருக்குது?"

"பெயின்ட்டுக்குக் கீழ எல்லா டேங்க்கும் நல்லாத்தான் இருக்கும்."

ஓட்டை விழுந்த டேங்க்கை அந்தக் காலத்தில் ஈயம் வைத்துத்தான் அடைப்பார்கள். பெட்ரோல் இருந்த பாத்திரத்தில் கேஸ் வெல்டிங் வைக்க யாருக்கும் தைரியம் வராது, அது நியாயம்தான். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும். நம் பூச்சு வேகும் சூடு 180-லிருந்து 200. யாரோ எப்போதோ கவனமாக அடைத்த ஓட்டை ஓவனுக்குள் மெதுவாகத் திறந்துகொள்ளும். மேலே புதிய பூச்சு அதை மூடியிருந்தால் இன்னும் மோசம். பெட்ரோல் ஊற்றிச் சாலையில் போகும்போதுதான் தெரியவரும். இதைத் தவிர, சரியாகக் காலி செய்யாத டேங்க்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியைச் சூடான ஹீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோவது எதில் முடியும் என்று விளக்க வேண்டாம். டேங்க்குக்குப் பெயின்ட்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பேரிங், ஆயில் சீல், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கழற்றிவிடவேண்டும் என்பது தெரிந்ததுதான். அலாய் வீல் விஷயம் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. அந்த அலுமினியத்துக்கு வலிமை வருவதே தொழிற்சாலையில் ஏறத்தாழ 150 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வைத்துப் பதப்படுத்துவதால். அதைவிடக் கூடுதல் சூட்டில் திரும்பத் திரும்ப வைத்தால் அந்தப் பதம் கலைந்து உலோகம் மென்மையாகும். முறையாக ஒருமுறை வேகவைத்தால் பெரிய பாதிப்பு இல்லை. நிறம் பிடிக்கவில்லை என்று உரித்து உரித்து வேகவைப்பது வேறு விஷயம். உயிரைத் தாங்கும் சாமானில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இத்தனையும் தாண்டி, பொருள் சுத்தமாக இருக்கவேண்டும். தொழிற்சாலைகளில் ஏழு தொட்டிகளில் வரிசையாக முக்கி எடுக்கும் இந்த வேலையை செவன் டேங்க் என்பார்கள். எண்ணெய் நீக்கம், அலசல், துரு நீக்கம், அலசல், பாஸ்பேட், அலசல், கடைசியாக அந்தப் பரப்பைத் துருவிலிருந்து காக்கும் பாசிவேஷன். இரும்பின்மேல் ஒரு மெல்லிய பாஸ்பேட் படிகப் படலம் உருவாகும். பூச்சு பிடிப்பதற்கும், கீறல் விழுந்தால் துரு பக்கவாட்டில் பரவாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். வீட்டில் ஆசிட் தொட்டி வைக்க நான் தயாரில்லை. பழைய பெயின்ட்டை உரித்து, எண்ணெய் போகக் கழுவி, பிளாஸ்டிங் செய்த (காற்றழுத்தத்தில் கடினமான மணலை வீசியடித்த) சொரசொரப்பான பரப்பில் சில மணி நேரத்துக்குள் தூள் பூசிவிடுவதுதான் என் வழி. பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணலைப் பயன்படுத்தவே கூடாது. அதிலிருக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் போய்த் தங்கிவிடும். கார்னெட் என்ற தாது மணல் அல்லது அலுமினியம் ஆக்சைடு வேண்டும். கார்னெட் நம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. 2013-ல் தமிழக அரசு தாது மணல் அள்ளத் தடை போட்டது தனிக்கதை. சின்ன கம்ப்ரஸர் பிளாஸ்டிங்குக்கு மூச்சுவாங்கும் என்பதால் நான் பெரும்பாலும் இதையும் வெளியேதான் கொடுத்து வாங்குகிறேன். பிளாஸ்டிங் ஆன இரும்பை வெறும் கையால் தொடக்கூடாது. விரல் வியர்வை பட்ட இடத்தில் பூச்சுக்குக் கீழே துரு விரல்ரேகையாகவே எழும்பும்.

கழுவும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. போர் தண்ணீரில் கடைசி அலசல் செய்தால் காயும்போது உப்பு படியும். பூச்சு நன்றாகத்தான் இருக்கும், ஒரு மழைக்காலம் போனபின் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் அலசல் வேலையை வைத்துக்கொள்வது கோவைக்காரனுக்குக் கிடைத்த சலுகை. மற்ற ஊர்க்காரர்கள் பாட்டரி கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

கன்னைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் கேட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தொழிற்சாலைக் கன் 100 கிலோவோல்ட் வரை போகும், வீட்டுக் கன் அதில் கால்வாசிகூட இருக்காது. கரண்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்குத்தான். முனையில் தூளுக்கு மின்னேற்றம் கிடைக்கிறது, எர்த் செய்த பொருள் அதை இழுத்துக்கொள்கிறது. ஆகவே பாதி வேலை எர்த்தில் இருக்கிறது. மாட்டியிருக்கும் கொக்கியில் போன தடவை வெந்த பூச்சு இருந்தால் எர்த் போச்சு. பொருளுக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெக்ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்வது நல்லது. கொக்கியை எமரி போட்டுத் தேய்க்க இரண்டு நிமிடம் ஆகாது. பிராக்கெட்டின் உள்மூலைகளில் தூள் போக மறுக்கும். மின்புலம் விளிம்புகளிலேயே குவிவதால் தூளும் அங்கேயே போய்ச் சேர்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்து, மூலைகளை முதலில் அடித்துவிட்டு, பரந்த இடத்தைக் கடைசியில் அடிக்கவேண்டும். மூலை நிரம்பவில்லையே என்று அடித்துக்கொண்டே இருந்தால் மற்ற இடத்தில் தடித்துவிடும். 60 முதல் 80 மைக்ரான் போதும். சில பாலியெஸ்டர் தூள்கள் இறுகும்போது நீராவியை விடும். பூச்சு தடிமனாக இருந்தால் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் ஊசித்துளை போடும்.

வெயிலில் நிற்கும் வண்டிக்குப் பாலியெஸ்டர்தான். எபாக்ஸி இரும்பைக் கவ்விப் பிடிக்கும், ரசாயனம் தாங்கும், ஆனால் வெயில் பட்டால் வெளிறி சுண்ணாம்புபோல் கையில் ஒட்டும். கடையில் "பவுடர் பிளாக்" என்று பொதுவாகக் கேட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ரால் 9005 (ரால் என்ற நிறப் பட்டியலில் கறுப்பின் எண்), பாலியெஸ்டர், வெளிப்புற உபயோகம் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும். 1 கிலோ தூள் 60 மைக்ரானில் கணக்குப்படி 11 சதுர மீட்டர் வரை வரும். தரையில் விழுவதை அள்ளித் திரும்பப் பயன்படுத்தாத வீட்டுப் பட்டறையில் பாதி வந்தால் பெரிது. அப்படிப் பார்த்தாலும் பெடலும் பிராக்கெட்டும் பூசுகிறவனுக்கு ஒரு கிலோ தீராது. தீராத தூளைத் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வைத்தால் கட்டிதட்டிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கவேண்டும்.

தூசு விஷயத்தில் விளையாடக்கூடாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். 30 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் அதில் தாராளமாக இருக்கின்றன, சரியான ரெஸ்பிரேட்டர் வேண்டும். க்யூரிங் ஏஜென்டாக டி.ஜி.ஐ.சி. இருக்கும் தூள் மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியதால் அங்கே பெரும்பாலும் அதைக் கைவிட்டார்கள். இங்கே இன்னும் கிடைக்கிறது, டப்பாவைப் படித்து வாங்குங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து கிராம் தூள் மிதந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். கன் அடிக்கும் இடமும் ஓவன் இருக்கும் இடமும் தள்ளித் தள்ளி இருக்கவேண்டும். சுவரில் படிந்ததைத் துடைப்பத்தால் கிளப்பிவிடவும் கூடாது.

ஓ.டி.ஜி. சின்னதாக இருக்கிறதே, பழைய இரும்பு பீரோவை ஓவனாக்கினால் என்ன என்ற ஆசை இந்த வேலையில் இறங்கிய எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது, பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 கிலோ ஃப்ரேமை 30-லிருந்து 200 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டிய சக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட்தான். ஆனால் 40 கிலோ பீரோத் தகடும் கூடவே சூடாகவேண்டும், அதற்கு மட்டும் ஒரு யூனிட் அளவு. கதவு இடுக்கிலும் சுவரிலும் போகும் சூடு தனி. ஒரு பவர் பிளக்கில் எடுக்கக்கூடிய 3 கிலோவாட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். நேரம் ஆவது பிரச்சினை இல்லை. மெதுவாகச் சூடேறினால் தூள் நன்றாக உருகிப் பரவுவதற்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும், பரப்பு முழுக்க ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளம் வரும். கரண்ட் பில்லும் கொடுத்து அந்தத் தரமும் வாங்க எனக்கு மனமில்லை. பெடல், ஸ்டாண்டு, பிராக்கெட் வீட்டில். ஃப்ரேம் அந்தக் கணபதிப் பகுதி அண்ணனிடம்.

வீட்டில் எடுத்த சாமானை ஆறியபின் ஒரு சோதனை செய்துவிட்டே வண்டியில் மாட்டுவேன். பஞ்சில் வலுவான தின்னரை நனைத்து, வெளியே தெரியாத ஓர் இடத்தில் அழுத்தித் தேய்ப்பது. பஞ்சில் நிறம் கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை. பூச்சு மெழுகாகி வழுக்கினாலோ கரைந்து வந்தாலோ வேகவில்லை என்று அர்த்தம்.

வெளியே கொடுக்கும்போது வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுப்பது நல்லது. ஹேண்டில் கோன் (ஹேண்டில் திரும்பும் பேரிங்கின் கிண்ணம்) உட்காரும் இடம், போல்ட் மரைகள், ஒயரிங் எர்த் மாட்டும் இடம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங், அதாவது தூள் படாமல் மறைப்பு வேண்டும். ஒரு பக்கம் 80 மைக்ரான் என்றால் எதிர்ப்பக்கமும் சேர்த்து 160, இறுக்கமாக உட்காரவேண்டிய கோன் அங்கே உட்காராது. பலரும் மறப்பது சேஸிஸ் நம்பர். பொறித்த எண்களைப் பவுடர் நிரப்பி மூடிவிடும். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்துக் காட்டவேண்டியிருக்கும். அந்தப் பட்டையின் மேல் சூடு தாங்கும் டேப் ஒட்டித்தான் ஃப்ரேமைக் கொடுக்கிறேன். திரும்பி வந்ததும் டேப்பை உரித்துவிட்டு, அந்த ஓர் இடத்துக்கு மட்டும் மெல்லிய பெயின்ட் ஒரு கை.